அளவெடுத்துக் கொடுங்கள்

மன்னார்குடியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு ரவிக்கை கொண்டுவந்தாலும் சரி, டேப்பை எடுத்து ஒருமுறை உடம்பில் வைத்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். தோளில் அரை அங்குலம் தப்பினால் போதும், துணி மறுநாளே திரும்பி வந்துவிடும். பொழுதெல்லாம் அளவெடுத்துப் பிழைக்கிற ஒருத்தி, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிக் கருவிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எதைச் சொல்வாள்? அளவைத்தான் சொல்வாள்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இரண்டு கால்களும் பலமிழந்தன. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். காலிப்பர், ஊன்றுகோல், மோட்டார் வைத்த தையல் மிஷின், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் என்று அரசாங்கம் கொடுத்த பொருள்களோடுதான் என் வாழ்க்கை நடந்திருக்கிறது. எனவே 'அரசாங்கம் என்ன செய்தது' என்று யாராவது அலட்சியமாகக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 'அதான் எல்லாம் கொடுத்தாச்சே' என்று யாராவது சொன்னால் அதைவிடக் கோபம் வரும். இந்த இரண்டு கோபத்துக்கும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரும்பும் வளர வேண்டும்

என் முதல் காலிப்பர் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கிடைத்தது. அப்போது எங்கள் ஊரும் தஞ்சாவூர் மாவட்டம்தான். பழுப்புக் காகிதத்தை விரித்து, அதன்மேல் என்னைப் படுக்கவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார்கள். தொடையில் எங்கே பட்டை வரும், முட்டி எங்கே மடங்கும், கணுக்கால் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடைக்குத் தோல் பட்டை, முட்டியில் ஒரு பூட்டு, கீழே பூட்ஸ். நிற்கும்போது பூட்டைக் கீழே தள்ள வேண்டும். உட்காரும்போது மேலே தூக்க வேண்டும். அதைச் செய்து கொடுத்தவர் கிளம்பும்போது சொன்னார்: “பாப்பா, நீ வளர வளர இரும்பும் வளரணும். அம்மாவைக் கூட்டிக்கிட்டு மறுபடி வரணும், என்ன?”

இந்தத் துறையில் நான் கேட்ட வார்த்தைகளிலேயே மிகச் சரியான வார்த்தை அதுதான். பிள்ளை வளர்ந்தால் காலிப்பரின் முட்டிப் பூட்டு பிள்ளையின் முட்டிக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் நடை கோணும், தோல் உரியும், பிள்ளை கழற்றி மூலையில் போட்டுவிடும். வீட்டில் அடம் என்பார்கள். அது அடம் இல்லை, அளவு.

இந்தியாவில் போலியோவின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். என்னைப் போன்றவர்கள் இனி புதிதாக வரப்போவதில்லை. ஆனால் கருவி தேவைப்படுகிறவர்கள் குறையவில்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், சர்க்கரை நோயால் காலை எடுத்தவர்கள், பைக் விபத்தில் சிக்கிய பையன்கள், பக்கவாதம் வந்த பெரியவர்கள், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைகள் என்று எங்கள் ஒரு வட்டாரத்திலேயே விதவிதமான தேவை இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். இந்தியா முழுவதும் 2.68 கோடி.

யார் கொடுக்கிறார்கள், என்ன கொடுக்கிறார்கள்

பலருக்கு இதுவே தெரியாது என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வழி மத்திய அரசின் 'அடிப்' திட்டம். 1981-ல் தொடங்கியது. ஊனம் 40 சதவீதமாவது இருப்பதாகச் சான்று வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் கருவி முழுக்க இலவசம். அதற்கு மேல் 30,000 ரூபாய் வரை என்றால் பாதி விலை. கருவிகளில் பெரும்பகுதியைச் செய்வது கான்பூரில் இருக்கும் 'அலிம்கோ' என்ற மத்திய அரசு நிறுவனம். 1972-ல் அமைக்கப்பட்டு 1976-ல் உற்பத்தியைத் தொடங்கிய இடம் அது. முகாம்களில் நீங்கள் பார்க்கிற மூன்று சக்கர சைக்கிள், மடக்கு வீல்சேர், அக்குள் கட்டை, செயற்கைக் கால் உதிரிகள் பலவும் அங்கிருந்து வருபவைதான்.

இரண்டாவது வழி தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று ஒரு நல அலுவலர் இருக்கிறார். சக்கர நாற்காலி, காலிப்பர், செயற்கைக் கால், காதொலிக் கருவி, பார்வையற்றவர்களுக்கு மடக்குக் குச்சி, பிரெய்லி கைக்கடிகாரம், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் ஸ்மார்ட்போன், மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குத் தனி நாற்காலி, பேட்டரி வீல்சேர், வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களுக்குப் பக்கச் சக்கரம் இணைத்த பெட்ரோல் ஸ்கூட்டர், சுயதொழிலுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றுக்கும் வயது, ஊனத்தின் அளவு, வேலை என்று தனித்தனி நிபந்தனை உண்டு.

அந்தத் தையல் இயந்திரத்தால்தான் நான் கடைக்காரி ஆனேன். கால் மிஷினில் மிதிக்க எனக்குப் பலம் இல்லை. கை மிஷினில் ஒரு கை சக்கரத்தைச் சுற்றினால் துணியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். மோட்டார் வந்ததும் முழங்கையால் தட்டுகிற மாதிரி சுவிட்சை மேஜை ஓரத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டு கையும் துணிக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் ரவிக்கைக்குக் கூலி கேட்கிற தைரியம் வந்தது. உதவிக் கருவி என்றதும் பெரிய பெரிய யந்திரங்களை நினைக்க வேண்டாம். ஒரு மோட்டாரும் ஒரு சுவிட்சும் ஒரு குடும்பத்தைத் தாங்கும்.

இவை தவிர இன்னும் சில கதவுகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் கருவிகள் கிடைக்கும். 60 வயது தாண்டிய ஏழை முதியவர்களுக்கு 2017 முதல் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டத்தில் கைத்தடி, வாக்கர், காதொலிக் கருவி, மூக்குக் கண்ணாடி, பல்செட்டு வரை உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளிக்குச் செயற்கை அவயவம் இ.எஸ்.ஐ. வழியாகவே கிடைக்கும். பிறவியிலேயே காது கேட்காத சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. இதில் வயதுதான் முக்கியம். ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும். 'அடிப்' வழியாக என்றால் ஐந்து வயதுக்குள். குழந்தை பேசத் தாமதிக்கிறது என்று பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாசல் மூடிவிடும்.

இது தானமா, உரிமையா

முகாம் மேடையில் மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் நடக்கும்போது பிச்சை வாங்கின மாதிரி கூனிக் குறுகி நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. இந்தியா 2007-ல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதை ஒட்டி வந்த 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. முன்பிருந்த 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான் இருந்தன. அந்தப் புதிய சட்டத்தின் 17-வது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பதினெட்டு வயது வரை புத்தகமும் பொருத்தமான உதவிக் கருவியும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. 24-வது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்குக் கருவியை இலவசமாகத் தருவதைச் சமூகப் பாதுகாப்பின் பகுதியாகச் சொல்கிறது.

'பொருத்தமான' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் முகாம்களில் பல சமயம் காணவில்லை.

பொருந்தாத கருவி என்ன செய்யும்

பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன். தென்னை ஏறும் தொழிலாளி. மேலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முகாமில் ஒரு வீல்சேர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி அகலமான வண்டி. அவரோ ஒல்லி ஆள். “தங்கச்சி, இதுல இன்னொரு ஆளையும் உட்காரவச்சுக்கலாம்” என்று சிரித்தார். சில மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அகலமான இருக்கையில் உடம்பு ஒரு பக்கம் சரிந்து, ஒரே எலும்பில் பாரம் விழுந்து, பிட்டத்தில் புண். உணர்ச்சி இல்லாத உடம்பு என்பதால் வலி தெரியவில்லை. புண் ஆழமான பிறகுதான் அண்ணி பார்த்தார்கள்.

வீல்சேருக்கு அளவு இப்படித்தான் பார்க்க வேண்டும். இருக்கையின் அகலம் இடுப்பு அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கலாம். முட்டியின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடம் வேண்டும். கால் வைக்கும் பலகை, தொடை முழுக்க இருக்கையில் படிகிற உயரத்தில் இருக்க வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்டவர் என்றால் மெத்தை கட்டாயம். மெத்தை என்றால் வீட்டுத் தலையணை அல்ல, பாரத்தைப் பரப்பிவிடுகிற தனி மெத்தை. அதோடு, அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தராமல் வண்டியை மட்டும் கொடுப்பது ஆபத்து.

அக்குள் கட்டை இன்னும் எளிமையானது, அதனாலேயே இன்னும் தவறாகப் பயன்படுவது. கட்டையின் மேல் மெத்தைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாரம் அக்குளில் விழக்கூடாது, கைப்பிடியில்தான் விழ வேண்டும். அக்குள் வழியாகப் போகும் நரம்பு நசுங்கினால் கை மரத்து, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். காலுக்காக வாங்கிய கட்டை கையைப் பிடுங்கிக்கொண்ட கதை எங்கள் ஆட்களிடம் நிறைய.

காதொலிக் கருவிக்கும் இதேதான். தெருமுனை வீட்டில் ஒரு சின்னப் பெண். “அக்கா, மிஷினைப் போட்டாலே பிடுங்கி எறியுறா” என்று அவள் அம்மா அழுதாள். கருவியில் கோளாறு இல்லை. காதுக்குள் வைக்கிற அச்சு தளர்ந்துபோய் 'கீ' என்று விசிலடித்துக்கொண்டிருந்தது. அந்த அச்சை ஒவ்வொரு காதுக்கும் தனியாக வார்க்க வேண்டும். குழந்தையின் காது வளர்வதால் சில மாதங்களுக்கொருமுறை மாற்றவும் வேண்டும். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று ஆடியோகிராம் எடுத்து, அதற்குத் தகுந்தபடி கருவியைத் திருத்தி வைத்தால்தான் அது காது. இல்லாவிட்டால் காதில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக்.

செயற்கைக் காலும் அப்படியே. இந்தியாவின் பெருமை என்று சொல்லும் ஜெய்ப்பூர் காலை 1968-ல் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கினார்கள். செருப்பில்லாமல் வயலில் இறங்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம் என்று நம் ஆட்களின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்த கால் அது. ஆனால் எவ்வளவு நல்ல பாதமாக இருந்தாலும், வெட்டிய காலின் முனை உள்ளே உட்காரும் குப்பி சரியாக இருந்தால்தான் நடக்க முடியும். அறுவை முடிந்த முதல் ஆண்டில் அந்த முனை சுருங்கிக்கொண்டே வரும். குப்பி லூசாகும். அப்போது மாற்றித் தர ஆள் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வீல்சேர் வழங்குவதற்கு எட்டுப் படி வகுத்தது. ஆளை அனுப்பி நேரம் குறிப்பது, பரிசோதிப்பது, எழுதிக் கொடுப்பது, பணம் ஏற்பாடு செய்து பொருளைக் கேட்பது, பொருளைத் தயார் செய்வது, உடம்பில் பொருத்திப் பார்ப்பது, பழக்குவது, பிறகும் பார்த்துப் பழுதுநீக்குவது. நம்மூர் முகாமில் நடப்பது பெரும்பாலும் நடுவில் உள்ள இரண்டு மூன்று படிதான். அதே நிறுவனம் 2016-ல் வெளியிட்ட 50 முக்கிய உதவிக் கருவிகளின் பட்டியலில் மூக்குக் கண்ணாடியும் இருக்கிறது. பவர் பார்க்காமல் கண்ணாடி கொடுத்தால் யாராவது வாங்கிப் போட்டுக்கொள்வோமா?

முகாமுக்கும் முகாமுக்கும் நடுவில்

'அடிப்' முகாம் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் முகாமில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பொருள் வந்ததும் இன்னொரு முகாமில் கொடுப்பார்கள். நடுவில் மாதங்கள் ஓடிவிடும். பெரியவர்களுக்குப் பரவாயில்லை. வளரும் பிள்ளைக்கு முதல் முகாமின் அளவு இரண்டாவது முகாமில் உதவாது. இதற்காகவே 'அடிப்' விதியில், ஒரே தேவைக்கு மறுபடி கருவி வாங்கப் பெரியவர்களுக்கு மூன்று வருடம் என்று வைத்திருந்தால், பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல விதி. இது தெரியாத பெற்றோர், 'போன வருஷம்தானே வாங்கினோம், இப்ப கேட்டா திட்டுவாங்க' என்று சின்னதாகிப்போன காலிப்பரைப் பிள்ளைக்கு மாட்டிவிடுகிறார்கள்.

முகாமுக்காகக் காத்திருக்காமல் நேரே போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. சென்னை காமராஜர் சாலையில் 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' என்ற இடத்தில் விதவிதமான கருவிகளைத் தொட்டு, இயக்கிப் பார்க்கலாம். சமையலறைச் சாமானிலிருந்து கம்ப்யூட்டர் வரை அங்கே இருக்கிறது. இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்கத் தோன்றும். உலக வங்கி உதவியோடு தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டம், சிகிச்சையையும் கருவியையும் வட்டார அளவிலேயே ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முயல்கிறது. என் கணக்கில் இதுதான் சரியான திசை. மன்னார்குடிக்காரி காதுக்கு அச்சு வார்க்கச் சென்னைக்குப் பஸ் ஏறக் கூடாது.

புதுசாக வந்திருப்பவை

என் சின்ன வயதில் காலிப்பர் என்றால் இரும்பும் தோலும்தான். இப்போது காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, அதன்மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் படியவைத்துச் செய்கிறார்கள். எடை குறைவு, சாதாரணச் செருப்புக்குள் நுழைகிறது, புடவைக்கடியில் தெரிவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் மறுவாழ்வுக் கருவிகளுக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையம் நடக்கிறது. உட்கார்ந்திருப்பவரை அப்படியே நிமிர்த்தி நிற்கவைக்கும் 'அரைஸ்' நாற்காலி அங்கிருந்து 2019-ல் வந்தது. 2021-ல் 'நியோஃபிளை' என்ற வீல்சேரும், அதன் முன்னால் மாட்டினால் சாலையில் ஓட்டிப்போகும்படி ஆக்குகிற 'நியோபோல்ட்' என்ற மோட்டார் இணைப்பும் வந்தன. ஓட்டுகிறவரின் உடம்பு அளவுக்குத் தகுந்தபடி நாற்காலியை அமைத்துத் தருவதுதான் 'நியோஃபிளை'யின் சிறப்பு.

பார்வையற்றவர்களுக்கு இன்று பெரிய கருவி கைபேசிதான். ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்ற வசதியை முடுக்கினால் திரையில் விரல் வைக்கிற இடத்தில் இருப்பதைத் தமிழிலேயே வாசிக்கும். கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்கிற 'என்விடிஏ' மென்பொருள் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அரசாங்கம் ஸ்மார்ட்போன் கொடுக்கிறது, ரொம்ப நல்லது. அதோடு விரலை எப்படி இழுப்பது, எப்படி இருமுறை தட்டுவது என்று பழக்கிவிட ஓர் ஆளையும் கொடுத்தால் அந்தப் போன் வீட்டில் வேறு யாருடைய கைக்கும் போகாது.

கருவி நன்றாக இருந்தும் வாசற்படி இடிக்கிறது என்பது இன்னொரு பக்கம். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலோரம் வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் முதல்முறையாக அலையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றில் அணுகல் வசதியை வெறும் பரிந்துரையாக விடக்கூடாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சொல்லியிருக்கிறது. வீல்சேருக்குச் செலவழித்த பணம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால் சாய்தளமும் கூடவே வர வேண்டும்.

பழுதானால் எங்கே போவது

மூன்று சக்கர சைக்கிள் பஞ்சரானால் மூலைக் கடையில் ஒட்டிவிடலாம். வீல்சேரின் முன்சக்கர பேரிங் போனால், காதொலிக் கருவியின் பேட்டரி தீர்ந்தால், ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்தால்? காதொலிக் கருவியின் பொத்தான் பேட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். கூலி வேலை செய்கிற வீட்டில் அந்தச் செலவுக்குப் பயந்தே மிஷினைப் பீரோவில் பூட்டிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊன்றுகோல் ரப்பரோ சொற்பக் காசு. ஆனால் அது தேய்ந்து மொசைக் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆகிற செலவு எவ்வளவு?

ஆண்டுதோறும் செய்திக்குறிப்பில் 'இத்தனை பேருக்குக் கருவிகள் வழங்கப்பட்டன' என்று வரும். அவர்களில் இன்று எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று வராது. வட்டாரத்துக்கு ஒரு பழுதுநீக்கும் இடம், அங்கே பழகிய ஒரு கைவேலைக்காரர், ஓர் அலமாரி நிறைய உதிரிப் பாகம். இதற்கு ஆகும் செலவு, பயன்படாமல் மொட்டை மாடியில் துருப்பிடிக்கிற வண்டிகளின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த வேலைக்கு எங்களில் ஒருவரையே எடுத்தால் இன்னும் நல்லது. எங்கே இடிக்கும், எங்கே உரசும் என்று எங்களுக்குத்தானே தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவருக்குத் தேவை இருந்தால் முதலில் யுடிஐடி அட்டை. நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஒரே அடையாள அட்டை இது. 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் பதியலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் பார்த்துச் சதவீதம் போட்டுச் சான்று தருவார்கள். பழைய அடையாள அட்டை வைத்திருப்பவர்களும் இதற்கு மாறிக்கொள்வது நல்லது. அதோடு ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கருவி வாங்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். என் உடம்புக்கு அளவெடுத்தீர்களா? போட்டுப் பார்த்துத் திருத்தித் தருவீர்களா? பயன்படுத்தச் சொல்லித்தருவது யார்? பழுதானால் யாரிடம் கொண்டுவருவது? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்காமல் வாங்கி வந்தவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். பொருந்தவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள்.

கருவி வாங்கித் தருகிற நன்கொடையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் பத்து வீல்சேரை மொத்தமாக வாங்கி வரிசையாக நிறுத்திப் படமெடுப்பதைவிட, ஒரே ஒருவருக்கு அளவெடுத்து நல்ல நாற்காலியும் மெத்தையும் வாங்கிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் பணம் வேலை செய்கிறதா என்று அப்போது தெரியும். அரசாங்கத்துக்கும் எங்கள் வேண்டுகோள் இதேதான்: எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, அளவெடுத்துக் கொடுங்கள்.